பாலம் காட்டியவர்கள்

இரவு இரண்டு மணி இருக்கும். ஜனவரி மாதம். வொல்சொன் பாலத்துக்குப் போகிற ரோடு... இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல், வயல் மேல் உறைந்த பனி. ஒரு வீடு கிடையாது. ஒரு விளக்கு கிடையாது. கீழே ஆறு பனிக்கட்டியாகிக் கிடக்கிறது. ராத்திரியில் அந்தக் கட்டி இறுகும்போது முனகும்... ம்ம்ம்ங்... என்று, யாரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுகிற மாதிரி. அந்த ரோட்டில் ஒரே ஒரு போலீஸ் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. நான்கு ஜன்னலும் இறக்கி விட்டிருக்கிறது. மூக்கு நுனி மரத்துப் போகிற குளிரில் நான்கு ஜன்னலையும் இறக்கிக்கொண்டு ஒரு வண்டி போகிறது என்றால், உள்ளே என்ன இருந்திருக்கும்?

நாற்றம்.

வேறொன்றும் இல்லை. ஒரு வயதான மனுஷனின் நாற்றம்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவைச் சாத்துங்கள். சாவு வீட்டில் சொல்கிற கதை இல்லை இது. ஆனால் விடிகிற வரைக்கும் முழித்திருந்தாக வேண்டும், சீட்டாடியும் சலித்துவிட்டது, நீங்களும் விடுவதாக இல்லை.

இது என் சினேகிதன் ஹீசொக்கின் தாய்மாமனுக்கு நடந்தது. பெயர் மேங் தோக்சூ. வொல்சொன் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தவர். கைபேசி வருவதற்கு முந்தைய காலம். வண்டியில் கேமரா இல்லை, பாலத்தில் கேமரா இல்லை. யார் எதைச் செய்தாலும் பார்க்க ஆள் இல்லை.

தோக்சூவைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தக் கதையில் எனக்குப் பொறுக்காத விஷயமே அதுதான். கை நீட்டிக் காசு வாங்க மாட்டார். லாக்கப்பில் யாரையும் அடித்ததில்லை. வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகளுக்குச் சூடாகத் தின்பண்டம் வாங்கி, ஆறிவிடாமல் சட்டைக்குள் வைத்து எடுத்துப் போவார். ஒரே ஒரு குறை... மனிதர்கள் அவருக்கு ஆகாது. அதிலும் நாறுகிற மனிதர்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நல்ல வாசனையோடு யார் வரப்போகிறார்கள்? சட்டையெல்லாம் வாந்தி எடுத்த குடிகாரன் வருவான். புருஷன் அடித்து, காதோரம் ரத்தம் காய்ந்துபோன பெண் வருவாள். மாதக்கணக்கில் குளிக்காத பைத்தியம் வரும். தோக்சூ மூக்குக்குக் கீழே தைலத்தைத் தடவிக்கொள்வார். வண்டியின் பின் சீட்டில் பழைய செய்தித்தாளை விரித்த பிறகுதான் யாரையும் ஏற்றுவார். கேள்வி கேட்கும்போது எதிரில் இருக்கிற ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார். அந்த ஆளின் தோளுக்கு மேலே, சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். எழுந்து போனதும் அந்த நாற்காலியைத் துடைக்கச் சொல்வார்.

அந்த ஸ்டேஷனில் ஒரு பழக்கம் இருந்தது. பாலத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வொல்சொன். அந்தப் பக்கம் தோன்கி, வேறு மாவட்டம். ராத்திரியில் தொல்லையான ஆள் யாராவது மாட்டினால், வண்டியில் ஏற்றிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். அதற்கப்புறம் அது அவர்கள் தலைவலி. அப்படி இறக்கிவிட்டவர்களில் எத்தனை பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. இந்தக் காரியத்துக்கு ஸ்டேஷனில் ஒரு பேரும் வைத்திருந்தார்கள்... பாலம் காட்டுறது. அந்த ஆள் என்ன ஆனான் என்று இன்ஸ்பெக்டர் கேட்பார். பாலம் காட்டியாச்சு சார் என்பார்கள். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிவிட்டு டீயை உறிஞ்சுவார்.

தோன்கி ஸ்டேஷன்காரர்கள் மட்டும் யோக்கியமா? அவர்களும் இதையேதான் செய்தார்கள். அங்கே கில் சாங்மோ என்று ஒரு ஏட்டு. தோக்சூவோடு ஒன்றாகப் பயிற்சிக்குப் போனவர். லீவு நாளில் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பன்றிக்குடல் சூப்பும் சோஜு சாராயமும் சாப்பிடுவார்கள். "நீ அனுப்புன பார்சலு எங்க ஸ்டேஷனையே நாறடிச்சிருச்சுய்யா" என்று கில் சொல்லுவார். தோக்சூ சூப்பு புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பார். பன்றிக்குடல் நாற்றம் அவருக்கு ஒன்றும் செய்யாது. மனுஷ நாற்றம்தான் ஆகாது.

சரி. அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

பஸ் நிலையத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அம்மாள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். கடைசி பஸ் போய்விட்டது, ஒரு பெரியவர் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், இன்னொரு பஸ் வரும் என்கிறார், கால்சட்டையிலேயே போய்விட்டிருக்கிறார், கடைக்குள் வந்து உட்காருங்கள் என்றால் உங்கள் இடம் அழுக்காகிவிடும் என்று வர மறுக்கிறார்... இப்படிச் சொன்னாள். தோக்சூவும், தேவூக் என்கிற இளவயது கான்ஸ்டபிளும் போனார்கள். தேவூக் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

தேவூக் பெரியவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது. ஸ்டேஷனுக்கே கூட்டிப் போகலாம், அடுப்பில் எப்படியும் வெந்நீர் இருக்கும், துடைத்துவிட்டுத் தன் மாற்றுத் துணியைக் கொடுக்கிறேன், காலையில் வீட்டை விசாரிக்கலாம் என்று தோக்சூவிடம் சொன்னான்.

"இன்னைக்கு சாயங்காலம்தான் தரையத் தொடச்சுது" என்றார் தோக்சூ.

அவர் சொன்ன காரணம் அவ்வளவுதான்.

பெரியவர் வண்டியைப் பார்த்ததும் தானாகவே எழுந்துவிட்டார். அதைப் பஸ் என்றே நினைத்துக்கொண்டார். உயரமான படியில் ஏறுகிற மாதிரி காலைத் தூக்கி வைத்து ஏறினார். செய்தித்தாள் சரக் சரக்கென்று சத்தம் போட, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து மரியாதையாக உட்கார்ந்துகொண்டார்.

"டிரைவர் தம்பி... மில்லு ஸ்டாப் வந்தா கொஞ்சம் சொல்லுப்பா. இருட்டுல எனக்குத் தெரிய மாட்டேங்குது."

அவர் மில் என்று சொன்னது தேவூக்கின் காதில் விழுந்தது. அண்ணே, நம்ம ஊர் நெல் மில்லைச் சொல்கிறாரோ என்று கேட்டான். தோக்சூ ஜன்னல்களை இறக்கிவிட்டு, பாதித் தலையை வெளியே நீட்டியபடி ஓட்டிக்கொண்டிருந்தார். எந்த ஊரில்தான் மில் இல்லை என்றார்.

நெல் மில், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். அவர்கள் போனது நேர் எதிர்த் திசையில்.

பாலத்தைத் தாண்டி, தோன்கி பக்கத்து நிழற்குடையில் வண்டி நின்றது. போலீஸ் வண்டியின் பின் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது, தெரியும் இல்லையா? கைப்பிடியே இருக்காது. பெரியவர் கதவைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார். தோக்சூ மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து திறந்துவிட்டார். வந்துருச்சா என்று கேட்டார் பெரியவர். வந்துருச்சு, எறங்கு என்றார் இவர். பெரியவர் இறங்கி, இடுப்பை வளைத்துக் கும்பிட்டார். தேவூக் தன் கையுறைகளைக் கழற்றி அவர் கையில் மாட்டிவிட்டான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏட்டு வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ஒன்றரை மணிக்குப் பிறகு தோக்சூ தனியாக ரோந்து போனபோது, பாலத்தின் இந்தப் பக்க முனையில், வண்டி வெளிச்சத்தில், அதே பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அதே கையுறைகள். கில் திருப்பி அனுப்பியிருக்கிறார், வேறென்ன.

தோக்சூவுக்குக் கோபம் வந்தது. பெரியவர் மேல்கூட இல்லை, கில் மேல். ஏதோ இரண்டு பேர் ஆடுகிற ஆட்டத்தில் தன் காயை வெட்டிவிட்ட மாதிரி. அந்த இரண்டு மணியைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். பெரியவரை மறுபடி ஏற்றி, நான்கு ஜன்னலையும் இறக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினார். நடுவில், அந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே வண்டியை நிறுத்தி, பின் கதவைத் திறந்தார். எனக்கும் இல்லை உனக்கும் இல்லை, அப்படி ஒரு நினைப்பு. கீழே ஆறு முனகியது.

பெரியவர் இறங்கிச் சுற்றிலும் பார்த்தார். இருட்டு. கைப்பிடிச் சுவர். காற்று.

"தம்பி, இது மில்லு ஸ்டாப்தானா?"

"ஆமா."

ஒரு வார்த்தைதான். நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன், அந்த ஆமாவைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு வாய் எப்படி வந்தது என்று. தோக்சூ ஸ்டேஷனுக்குத் திரும்பி, அடுப்பில் நூடுல்ஸ் வேகவைத்து, ஊறின முட்டைக்கோஸ் கிம்ச்சியோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினார். தேவூக் மேஜையில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பிச் சொல்லவில்லை.

விடிந்ததும் மீன் லாரிக்காரன் பார்த்தான். பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் பெரியவர் விறைத்துப் போயிருந்தார். காலில் செருப்பு இல்லை. கழற்றி, ஜோடியாகச் சேர்த்து, பக்கத்தில் வைத்திருந்தார். வீட்டு வாசலில் கழற்றி வைப்போமே, அந்த மாதிரி. வீடு வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

கையில் போலீஸ் கையுறை.

முதலில் போனது இன்ஸ்பெக்டர். அவர் செய்த முதல் வேலை, விறைத்த விரல்களிலிருந்து அந்தக் கையுறைகளை இழுத்துக் கழற்றியதுதான். வரவில்லை. கத்தரிக்கோல் வாங்கி வரச் சொன்னார். அன்றைக்குப் பத்து மணிக்குள் இரண்டு ஸ்டேஷனும் போனில் பேசி முடித்துவிட்டன. யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவராகவே நடந்து போயிருக்கிறார். கடைக்கார அம்மாளிடம், நாங்கள் போனபோது பெஞ்சு காலியாக இருந்தது என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பேசாமல் இருந்துவிட்டாள்.

பெரியவரின் மகள் வந்தாள். யொன்சிம் என்று பேர். நெல் மில்லில் மூட்டை தைக்கிறவள், மில்லை ஒட்டியே ஒரு சின்ன வீடு. கையெல்லாம் சோப்பு வாசனை, வெடித்த விரல்கள். அப்பாவை அவள் தினம் இரண்டு தடவை குளிப்பாட்டுவாளாம். கதவைக் கயிறு போட்டுக் கட்டித்தான் வைத்திருந்தாளாம். அடுப்புக்குக் கரிக்கட்டி எடுக்க வெளியே வந்த நேரத்தில் போய்விட்டார். ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறாள், ஆனால் பாலத்துப் பக்கம் தேடவில்லை. அவ்வளவு தூரம் அவரால் நடக்க முடியாது என்று தெரியும் அவளுக்கு.

அவள் தோக்சூவைத்தான் கேட்டாள்.

"யாராச்சும் அவரப் பாத்தாங்களா ஐயா? ஏதாச்சும் சொன்னாராமா?"

தோக்சூ அவள் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்தார். நாங்கள் பார்க்கவே இல்லையம்மா என்றார்.

அவள் நம்பினாள். பாலத்திலிருந்து அப்பாவைத் தூக்கிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் என்று எல்லோருக்கும் குனிந்து கும்பிட்டாள். அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கி வந்து ஸ்டேஷன் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டோம் என்று.

தின்றார்கள். உரித்து, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, கொட்டையைத் துப்பித் துப்பித் தின்றார்கள். தேவூக் மட்டும் தொடவில்லை. இளவேனில் வருவதற்குள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

முதலில் வாடை. வண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். சீட் உறையை மாற்றினார்கள். சீட்டுக்கு அடியில் கரித்துண்டு போட்டு வைத்தார்கள். பகலில் ஒன்றும் இருக்காது. ராத்திரி, பாலத்து ரோட்டில் திரும்பினதும் பின்னாலிருந்து வரும்... மூத்திரம், ஈரக் கம்பளி, அதற்கடியில் இன்னும் ஏதோ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது கான்ஸ்டபிளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எதுக்கண்ணே ஜன்னலத் தொறக்கிறீங்க என்று நடுங்கிக்கொண்டே கேட்டான். அதிலிருந்து தோக்சூ தனியாகவே ரோந்து போக ஆரம்பித்தார்.

பிறகு சத்தம். சரக்... சரக்... செய்தித்தாள் மேல் யாரோ நகர்ந்து உட்காருகிற சத்தம். அவர் இப்போதெல்லாம் செய்தித்தாள் விரிப்பதே இல்லை. பிறகு பின் கதவைத் தடவுகிற சத்தம். உள்ளங்கை, மெதுவாக, மேலும் கீழும்... கைப்பிடியைத் தேடுகிறது.

ஒரு நாள் குரல்.

"வந்துருச்சா?"

போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது. தோக்சூ அதைப் பற்றி யோசிக்கவில்லை. பெரியவர்தான் என்று முடிவு செய்துவிட்டார். பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அப்போது அவர் என்ன செய்தார், சொல்லுங்கள் பார்ப்போம்?

நீங்களோ நானோ என்றால் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்போம். இல்லை, பிக்குவிடம் போய் மந்திரம் ஓதச் சொல்லியிருப்போம். தோக்சூ பாலத்தைத் தாண்டினார். தோன்கி பக்கத்து நிழற்குடையில் வண்டியை நிறுத்தினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு பின் கதவைத் திறந்துவிட்டார். வண்டியின் ஸ்பிரிங் க்ரீச்சென்று உயர்ந்தது. முழங்காலை உரசிக்கொண்டு சில்லென்று எதுவோ போயிற்று. கதவைச் சாத்தினார். வாடை இல்லை. சத்தம் இல்லை. ஸ்டேஷனுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினார்.

செத்தவருக்கும் பாலம் காட்டிவிட்டார்.

இரண்டு ராத்திரி ஒன்றும் இல்லை. மூன்றாவது நாள் விடியற்காலையில் கில்லிடமிருந்து போன். எப்போதும் போலச் சிரிக்கவில்லை.

"யோவ் தோக்சூ... நீயா அனுப்புற?"

எதை என்று கேட்டார் தோக்சூ.  ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டார் கில்.

அன்றைக்கு ராத்திரி, பாலத்தின் இந்தப் பக்க முனையில், வாடை அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கில் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிப்ரவரி முழுக்க இப்படியே நடந்தது. இவர் அங்கே இறக்குவார். அவர் இங்கே இறக்குவார். இரண்டு ஆம்பளைகள், சீருடை போட்டவர்கள், சம்பளம் வாங்குகிறவர்கள்... ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் ராத்திரிக்கு ராத்திரி அதைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கே போக வேண்டும் என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. லீவு நாளில் சூப்புக் கடைக்குப் போவது நின்றுபோயிற்று.

மாதக் கடைசியில் ஆற்றுக் கட்டி உடைய ஆரம்பித்தது. ராத்திரியெல்லாம் வெடிச்சத்தம். அப்படி ஒரு விடியலில், பாலத்தின் நடுவில் தோன்கி ஸ்டேஷன் வண்டி நின்றுகொண்டிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டர் முழு வேகத்தில். கண்ணாடியெல்லாம் வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. ஓட்டுகிற சீட்டில் யாரும் இல்லை.

கில் பின் சீட்டில் இருந்தார்.

நெரிசலான பஸ்ஸில் ஓரத்தில் இடம் கிடைத்தவன் எப்படி உட்காருவான்... தோளைக் குறுக்கி, முழங்காலைச் சேர்த்து, கன்னத்தைக் கண்ணாடியில் அழுத்தி... அப்படி. கதவின் உள்பக்கத் துணி கிழிந்து தொங்கியது. நகங்கள் பெயர்ந்திருந்தன. முதலில் கதவைத் திறந்த கான்ஸ்டபிள் அனல் மூஞ்சியில் அடித்தது என்றான். ஆனால் கில்லின் உடம்பு, அந்தப் பெரியவருடையதைப் போலவே, கட்டையாக உறைந்து போயிருந்தது.

மாரடைப்பு என்று முடித்தார்கள்.

இனிமேல் நடந்ததைத் தோக்சூ ஒரே ஒரு தடவைதான் சொன்னார், ஹீசொக்கின் அம்மாவிடம். அவருடைய அக்கா. மனுஷர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. காரில் ஏற மாட்டார், பஸ்ஸில் ஏற மாட்டார். மகளின் கல்யாணத்துக்கு விடியற்காலையில் கிளம்பி நடந்தே போனார். யாராவது வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னால், முதலில் குனிந்து பின் சீட்டைப் பார்ப்பார். பிறகு வேண்டாம் என்று கையை ஆட்டிவிடுவார்.

கில்லைப் புதைத்த அன்றைக்கு ராத்திரி தோக்சூ ரோந்து போனார். பாலத்து ரோட்டில் திரும்பினதும் வாடை வந்தது. முன்பைவிடப் பலமாக. தோன்கி நிழற்குடையில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஸ்பிரிங் உயரவில்லை. காத்திருந்தார். சில்லென்று எதுவும் போகவில்லை. இறங்கச் சொல்லிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார்.

"வந்துருச்சா?" என்றது குரல், உள்ளேயிருந்தே.

அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள இனிமேல் ஆள் இல்லை. அது இறங்காது.

அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாராம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கைகால் மரத்துப்போன பிறகு எழுந்து, கதவைச் சாத்தி, வண்டியைத் திருப்பினார். பாலத்தைத் தாண்டி, ஸ்டேஷனைத் தாண்டி, நெல் மில்லை நோக்கி ஓட்டினார். ஜன்னல்களை ஏற்றிவிட்டார், முதல் தடவையாக. நாற்றம் கண்ணைக் கரித்தது. சகித்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச தூரம்தான் ஐயா, வந்துரும், வந்ததும் நானே சொல்றேன் என்று முன்னாலேயே பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டே போனார்.  பின்னால் தடவுகிற சத்தம் நின்றது.

மில்லுக்கு ஏறுகிற மேட்டில் வண்டி திணறியது. முதல் கியரிலும் இழுக்கவில்லை. பின்பக்கம் தரையை உரசிக்கொண்டு வந்தது. ஒரு வற்றிப்போன உடம்பு இவ்வளவு கனமா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியதைத் தள்ளிவிட்டார்.

மில்லை ஒட்டின வீட்டில் விளக்கு எரிந்தது. நாய் ஒன்று வண்டியைப் பார்த்து எழுந்து, குரைக்காமல், வாலை ஒடுக்கிக்கொண்டு மில்லுக்குப் பின்னால் போய்விட்டது. யொன்சிம் டார்ச்சோடு வெளியே வந்தாள்.

தோக்சூ அவள் காலடியில் மண்டியிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். பஸ் நிலையம், செய்தித்தாள், முதல் தடவை, இரண்டாம் தடவை, வெள்ளைக் கோடு. மில் ஸ்டாப்தானா என்று அவர் கேட்டது. ஆமா என்று தான் சொன்னது. கையுறையை வெட்டி எடுத்தது. ஆரஞ்சு தின்றது. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாராம். அவள் அழவில்லை, திட்டவில்லை. நடுவில் ஒரு தடவை, காலில் செருப்பில்லாமல் இருந்தாரே, அதுக்கு முன்னால வலிக்குதுன்னு ஏதாச்சும் சொன்னாரா என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றார். கேட்கவில்லை என்றார்.

"உங்க அப்பாவக் கூட்டிட்டு வந்திருக்கேம்மா" என்றார் கடைசியில். "வண்டியில இருக்காரு. எறக்கிக்கோங்க."

அவள் அவரைத் தாண்டி வண்டிக்குப் போனாள். தோக்சூ திரும்பவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு மண்டியிட்டபடியே இருந்தார். டார்ச் வெளிச்சம் கண்ணாடியில் படுவது தரையில் தெரிந்தது. வெளிச்சம் பின் சீட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. கொஞ்சம் கீழே இறங்கியது... மேலே ஏறியது... ஒவ்வொரு இடமாக நின்று நின்று. அவ்வளவு நேரம் பார்க்க அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது?

டார்ச் அணைந்தது. அவள் திரும்பி வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"இதுல எங்க அப்பா இல்ல ஐயா. அவரு பொதைச்ச அன்னைக்கு ராத்திரியே நடந்து வந்து சேந்துட்டாரு. உள்ள படுத்திருக்காரு."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு புரண்டு படுக்கிற சத்தம்.

அவள் இன்னொரு தடவை வண்டியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இத்தன பேரையும் எங்க எறக்கி விடப் போறீங்க?"